யானைக்குட்டியை விழவைத்தவர்கள்

ரேவதிக்கு அருவருப்பு வந்தால் முதலில் வாயில்தான் தெரியும். நாக்கின் அடியில் உப்புத் தண்ணீர் ஊறும். அப்புறம் இரண்டு வேளைக்குச் சோறு இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மலையைச் சுற்றிய ஊர்களில் ஒன்றான அடி அண்ணாமலையில் அவள் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை இருந்தது, நிலக்கடலைதான். சாணி அள்ளுவதற்கோ, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி எறிவதற்கோ அவள் முகம் சுளித்ததில்லை. ஆனால் களத்தில் மூட்டை போடும்போது எடை குறைத்துக் காட்ட வியாபாரி தராசுத் தட்டுக்கு அடியில் முழங்காலை முட்டுக் கொடுப்பதைப் பார்த்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. அம்மா ஓமத்தண்ணீர் கொடுப்பாள். கோளாறு வயிற்றில் இல்லை என்று சின்ன ரேவதிக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவள் டவுனில் கணக்கு பி.எஸ்ஸி. முடித்து, 2001இல் வேங்கிக்காலில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புது வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த இடம் அது. பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். அடுத்த வருஷம் வேணுவைக் கட்டிக்கொண்டாள். அவன் கோர்ட்டு வாசலில் உட்கார்ந்து மனு டைப் அடிப்பவன், சாது. பள்ளியிலிருந்து நடக்கும் தூரத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்தார்கள். குழந்தை பிறக்கவில்லை. இரண்டாம் வகுப்புக் கணக்கு மிஸ் என்றால் வேங்கிக்காலில் அவளைத்தான் சொல்வார்கள்.

பள்ளியின் தாளாளர் ராஜமாணிக்கம். மனை விற்றுக்கொண்டிருந்தவர், மனைகளில் ஒன்று விலை போகாமல் நின்றபோது அதில் பள்ளி கட்டினார். யாரையும் அதட்டிப் பேச மாட்டார். குரல் வெண்ணெய் மாதிரி வழுக்கும். ரேவதியால் சகிக்க முடியாத பழக்கம் ஒன்று அவரிடம் இருந்தது. மேசையிலிருக்கும் குண்டூசியை எடுத்துப் பல் குத்துவார். குத்தி முடித்து, அதே குண்டூசியைத் திரும்ப டப்பாவில் போடுவார். அந்த டப்பாவிலிருந்துதான் பிள்ளைகளின் தாள்களுக்கெல்லாம் குண்டூசி போகும்.

2007 ஜூனில் பள்ளி திறந்தபோது மாடியில் கம்ப்யூட்டர் அறை தயாராக இருந்தது. ஆறு கம்ப்யூட்டர்கள், ஜன்னலை முழுக்க மூடிய நீலத் திரை, சுவரிலிருந்து சுவர் வரை சிவப்புக் கம்பளம். ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுச் சாக்ஸோடுதான் உள்ளே வர வேண்டும் என்று உத்தரவு. முப்பத்தாறு பிள்ளைகளின் கால் ஈரம் தினமும் அந்தக் கம்பளத்தில் இறங்கியது. ஒரே மாதத்தில் அறை புளித்த மாவுப் பாத்திரம் போல நாற ஆரம்பித்தது. ஆயா சரசு ஊதுவத்தி கொளுத்தி வைப்பாள். புளிப்பும் ஊதுவத்தியும் சேர்ந்து அடிப்பதற்கு வெறும் புளிப்பே தேவலை.

வெளியே கேட்டில் பெரிய போர்டு: 'ஆன்லைன் விளையாட்டு மூலம் கணிதம்.' விளையாட்டு எங்கோ வெளிநாட்டுக்காரர்கள் இலவசமாக விட்டிருந்தது. ஒரு யானைக்குட்டி ஆற்றைக் கடக்க வேண்டும். ஆற்றில் மரக்கட்டைகள் மிதக்கும். மேலே ஒரு கூட்டலோ கழித்தலோ வரும், கீழே மூன்று விடைகள். சரியான விடையை அமுக்கினால் குட்டி அடுத்த கட்டைக்குத் தாவும், மணி அடிக்கும். ஒரு ஆட்டத்துக்கு இருபது கணக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பெயர், தனிப் பதிவு. யார் எத்தனை சரி போட்டார்கள் என்பதைச் சதவீதமாகவும் கலர் பட்டையாகவும் அதுவே காட்டும். ராஜமாணிக்கத்துக்கு அந்தக் கலர் பட்டைகள் மேல் அப்படி ஒரு காதல்.

முதல் வாரம் ரேவதிக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஐந்தும் ஏழும் எத்தனை என்று கரும்பலகையில் எழுதினால் கொட்டாவி விடுகிற பிள்ளைகள் இங்கே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். ஜூலைக் கடைசியில் பட்டைகளைப் பார்த்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபது சதவீதம், பதினைந்து சதவீதம். ஓவியாவுக்குப் பத்து.

ஓவியாவுக்குப் பத்து என்பதை ரேவதியால் ஜீரணிக்க முடியவில்லை. ரேவதியின் சொந்த ஊரான அடி அண்ணாமலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிற பெண் அது. காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் தலைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னிக்கு முப்பத்திரண்டு பேருதான் மிஸ், நாலு பேரு வரல" என்று ரெஜிஸ்டரைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடும்.

மறுநாள் ரேவதி அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். திரையில் 6 + 7. ஓவியா அம்புக்குறியை நேராக 13 மேல் கொண்டுபோய் வைத்தாள். ஒரு கணம் அங்கேயே நிறுத்தினாள். பிறகு அதை நகர்த்தி 12ஐ அமுக்கினாள். யானைக்குட்டி வழுக்கியது, நாலு காலையும் காற்றில் உதைத்தது, பொத்தென்று சேற்றில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தும்பிக்கை மட்டும் வெளியே வந்து சேற்றைப் பீய்ச்சியது. பின்னாலேயே இரண்டு கண்கள் திருதிருவென்று முழித்தன. ஓவியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பதிமூணுதானே? ஏன் பன்னண்டு அமுக்குன?"

"பதிமூணு அமுக்குனா அது சும்மா நடந்து போயிடும் மிஸ். விழவே விழாது." இதுகூடத் தெரியாதா என்கிற முகம். "நேத்து நான் பதினெட்டு தடவ விழ வச்சேன். தர்ஷன் பதிமூணுதான். அஞ்சு கம்மி."

பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டு எதையோ அமுக்கினான். மணி அடித்து யானை தாவிவிட்டது. "ஐயய்யோ, கடந்துடுச்சே!" என்று நாலு பேர் கேலி செய்தார்கள். அவனுக்கு அவமானமாகிவிட்டது. அடுத்த கணக்கு வந்ததும் விரல்களை மடக்கி எண்ணினான். ஒன்பதில் நாலு போனால் ஐந்து என்று கண்டுபிடித்தான். ஐந்தை மிகக் கவனமாக விட்டுவிட்டு ஆறை அமுக்கினான். யானை விழுந்தது. அவன் முகத்தில் வெற்றி.

ரேவதி அந்த நாற்றத்தையும் மறந்து சிரித்துவிட்டாள். சரியான விடை தெரியாமல் தப்பான விடையை நிச்சயமாகப் போட முடியாது. சரியான விடையில் கால் வைத்துவிடக் கூடாது என்பதற்காகவே மந்தமான பிள்ளைகள்கூடக் கணக்குக் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஆறு வருஷத்தில் அவள் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஓடிப்போய் ராஜமாணிக்கத்திடம் சொன்னாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். குண்டூசி பல்லிடுக்கில் இருந்தது.

"அதெல்லாம் சரிங்க மிஸ். அச்செடுத்தா பேப்பர்ல என்னா வருது?"

"பேப்பர்ல கம்மியாதான் வரும் ஸார். ஆனா புள்ளைங்களுக்கு எல்லாம் தெரியுது. வாயால கேட்டுப் பாருங்க, டக்குனு சொல்லுதுங்க."

"வாயால கேக்குறதுக்கா ஆறு கம்ப்யூட்டர் வாங்கி வச்சேன்?" என்றார், சிரித்துக்கொண்டே. குண்டூசி டப்பாவுக்குத் திரும்பியது.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை, பெற்றோர் கூட்டம். அதற்கு மூன்று நாள் முன்னால், புதன்கிழமை மதியம், அவர் ரேவதியைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். இரண்டாம் வகுப்பின் முப்பத்தாறு பெயர்களும் அதில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர் கையெழுத்தில் ஒரு எண். 95, 90, 85, 100. மொத்தம் இருபத்தெட்டு பேருக்கு இப்படி. மீதி எட்டுப் பேருக்கு 40.

"பழைய ஆட்டத்தை எல்லாம் அழிச்சிட்டு, இதுல இருக்கிற மாதிரி வர்ற மாதிரி நீங்களே உக்காந்து போட்டுடுங்க மிஸ். ரெண்டு மதியம் போதும். பசங்கள வேற மிஸ் பாத்துக்குவாங்க."

"புள்ளைங்க பேருல நான் ஆடுறதா ஸார்?"

"அமுக்குறது யாருன்னு கம்ப்யூட்டருக்கு என்னா தெரியும்?"

ரேவதி தாளை இன்னொரு முறை பார்த்தாள். "இந்த எட்டு பேருக்கு மட்டும் ஏன் ஸார் நாப்பது?"

"எல்லாரும் தொண்ணூறு வாங்குனா யாரு நம்புவாங்க? நாலு பேரு கம்மியா இருந்தாதான் மத்தது மார்க்கு மாதிரி தெரியும். அதோட சாயந்தரம் தனி பீஸ்ல ஸ்பெஷல் கோச்சிங் ஆரம்பிக்கிறோம் இல்ல, அதுக்கும் பசங்க வேணுமே."

எட்டுப் பெயர்களும் மலையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வருகிறவை. அப்பா கலெக்டர் ஆபீசில் இருக்கிற பிள்ளை ஒன்றுகூட அதில் இல்லை. கம்ப்யூட்டர் தாளில் என்ன அச்சடித்திருந்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போகிற வீடுகளாகப் பார்த்து அவர் பொறுக்கியிருந்தார். ஓவியா அதில் ஒருத்தி. அவள் ஒரு வாரமாக வரவில்லை, அம்மை போட்டிருந்தது.

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ரேவதி பிற்பாடு எத்தனையோ முறை மனதுக்குள் அந்த இடத்தில் போய் நின்று முடியாது என்று சொல்லிப் பார்த்தாள். அன்றைக்குச் சொல்லவில்லை. அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். இவ்வளவு மெதுவாக, இவ்வளவு மரியாதையாக ஒரு மனுஷன் பேசும்போது முடியாது என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. வெறும் எண்கள்தானே என்றும் ஒரு பக்கம் தோன்றியது. தாளை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மூன்றும் நாலும் ஏழு. மணி அடித்தது. எட்டில் இரண்டு போனால் ஆறு. மணி அடித்தது. கணக்கு பி.எஸ்ஸி. படித்த முப்பது வயதுப் பெண், கதவைச் சாத்திக்கொண்டு, ஏழு வயதுப் பிள்ளைகளின் பெயர்களில் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து ஐந்தையும் நாலையும் கூட்டிக்கொண்டிருந்தாள். தொண்ணூறு வேண்டும் என்றால் இரண்டு தப்பு, எண்பத்தைந்துக்கு மூன்று தப்பு. எந்தக் கணக்கில் தப்புப் போட்டால் பிள்ளை போட்டது மாதிரி இருக்கும் என்றுகூட யோசித்தாள். அப்படி யோசித்ததுதான் பிற்பாடு அவளை ரொம்ப அரித்தது.

சரசு டீ கொண்டுவந்தாள். திரையை எட்டிப் பார்த்தாள். "என்னா மிஸ், நீங்களே யானை ஆடுறீங்க?"

"டெஸ்ட் பண்றேன்."

சரசு கம்பளத்தை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, "இத முதல்ல கழட்டி வெயில்ல போடணும் மிஸ், புழு வெச்சிடும்" என்று சொல்லிப் போனாள். ரேவதி டீயைக் குடிக்கவில்லை. ஆடை கட்டி, அதன் மேல் ஒரு ஈ உட்கார்ந்தது.

வியாழக்கிழமை கடைசியாக அந்த எட்டுப் பேர். நாற்பது சதவீதம் என்றால் இருபதில் எட்டு சரி, பன்னிரண்டு தப்பு. ஓவியாவின் பெயரில் நுழைந்தாள். 6 + 7 வந்தது. அம்புக்குறியை 13 மேல் வைத்து, அங்கிருந்து நகர்த்தி 12ஐ அமுக்கினாள். யானைக்குட்டி காலை உதைத்துக்கொண்டு சேற்றில் விழுந்தது. கண்கள் முழித்தன. அந்தப் பெண் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே செய்ததை இவள் பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டு முறை செய்தாள். நாக்கின் அடியில் உப்புத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. முடித்துவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். விரலை மோந்து பார்த்தாள். சாக்ஸ் நாற்றம் போகவே இல்லை.

சாயந்தரம் வேணுவிடம் சொன்னாள். அவன் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கதான் இது இல்ல? எங்ககிட்ட வர்ற மனுவுல பாதி பொய்தான். நாம டைப் அடிக்கிறோம், அவ்ளோதான்" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். அவன் வாயோரத்தில் ஒட்டியிருந்த சட்னியைப் பார்க்கப் பார்க்க ரேவதிக்குக் குமட்டியது. நல்ல மனுஷன், ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனால் அந்த நிமிஷம் அவன் பக்கத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தாள்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு ஹாலில் ஷாமியானாத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். வருகிறவர்களுக்கு ரோஸ் மில்க். ராஜமாணிக்கம் மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, கலர் தாளைக் கொடுத்தார். கணக்கு மிஸ் என்பதால் ரேவதி அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தொண்ணூறுகள் வாங்கியவர்கள் தாளை அக்கம்பக்கத்தில் காட்டிக்கொண்டார்கள். தன் மகன் வீட்டில் இன்னும் விரல் விட்டு எண்ணுகிறான் என்று ஒரு அம்மா ரேவதியிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, "ஆனா கம்ப்யூட்டர்ல நல்லா போடுறான் போல" என்று தாளைப் பார்த்துத் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஓவியாவின் அம்மா மணிமொழி கடைசி வரிசையில் இருந்தாள். கிரிவலப் பாதையில் பூக்கடை போட்டிருப்பவள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. பெயர் கூப்பிட்டதும் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஓவியாவின் முகத்தில் அம்மைக் கொப்புளங்கள் இன்னும் காய்ந்துகொண்டிருந்தன. காதோரத்தில் ஒரு வேப்பிலைத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"பாப்பா கணக்குல ரொம்ப வீக்கும்மா. நாப்பதுதான்" என்றார் ராஜமாணிக்கம், துக்கம் விசாரிக்கிற குரலில். "பயப்படாதீங்க. சாயந்தரம் ஸ்பெஷல் கோச்சிங்ல போட்டுடுவோம்."

மணிமொழி தாளை வாங்கினாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "வெயில்ல உக்காந்து பூ கட்டி உன்ன இங்க அனுப்புறேன், நீ நாப்பது வாங்கினு வர்றியா?" என்று ஓவியாவின் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

ஓவியா அழவில்லை. அம்மாவின் கையிலிருந்த தாளை இழுத்து உற்றுப் பார்த்தாள்.

"இது நான் ஆடலம்மா."

"பொய் வேற சொல்றியா?"

"இல்லம்மா, தேதி பாரு. ஒம்போது, எட்டாம் மாசம். அன்னிக்கு எனக்கு அம்மை போட்டிருந்துச்சே. ரெண்டாந் தண்ணி ஊத்துன அன்னிக்கு."

மணிமொழி தாளை மறுபடி பார்த்தாள். எட்டாவது வரை படித்தவள், தேதி படிக்கத் தெரியும். "ஆமாங்க ஸார்," என்றாள். "நேத்துதான் இவளுக்கு மூணாந் தண்ணி ஊத்துனோம். வியாழக்கிழம இவ வேப்பெலையில படுத்துனு இருந்தா. இங்க எப்படி வந்து ஆடியிருப்பா?"

"கம்ப்யூட்டர்ல தேதி சில சமயம் மாறி வரும்மா," என்றார் ராஜமாணிக்கம். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. ரேவதியின் பக்கம் திரும்பினார். "மிஸ், நீங்களே சொல்லுங்க."

ஹால் முழுக்க ரேவதியைப் பார்த்தது. வாயில் உப்புத் தண்ணீர். விழுங்கினாள்.

"தேதி சரிதான். அத ஆடுனது நான்," என்றாள்.

"மிஸ்ஸுக்கு ரெண்டு நாளா ஒடம்பு சரியில்ல..."

"ஒடம்பு நல்லாதான் இருக்குது ஸார்." கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசை மேல் விரித்தாள். "ஸார் கையால எழுதிக் குடுத்த லிஸ்ட்டு இது. இதுல இருக்கிற மாதிரி முப்பத்தாறு பேருக்கும் நானேதான் ஆடுனேன். ஓவியாவுக்குக் கணக்கு வராதுன்னு எவனாவது சொன்னா அவனுக்குத்தான் கணக்கு தெரியாது."

ராஜமாணிக்கத்தின் மேல் எல்லோரும் பாயப்போகிறார்கள் என்று ரேவதி நினைத்தாள். முதல் வரிசையில் இருந்த, கலெக்டர் ஆபீசில் வேலை செய்யும் ஒருவர்தான் எழுந்தார்.

"அப்ப எங்க பையனோட தொண்ணூத்தஞ்சு?"

"அதுவும் நான்தாங்க."

"என்னா மேடம் இது? இத இங்க வந்து எல்லார் முன்னாலயும் சொல்லணுமா? உங்களுக்குள்ள எதுனா பிரச்சினைன்னா ஆபீஸ் ரூம்ல பேசிக்குங்க. எங்க பையன் மார்க்க ஏன் கெடுக்குறீங்க?"

இன்னும் நாலைந்து பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். பிள்ளைகள் பேரில் திருட்டு மார்க் போட்டவள் என்று ஒரு குரல், இவளை எல்லாம் யார் டீச்சராகப் போட்டது என்று இன்னொரு குரல். தொண்ணூறுகள் எல்லாம் ஒரு பக்கமாக நின்றன. ஒருவர்கூடத் தாளை மேசையில் திருப்பி வைக்கவில்லை. இன்னும் நாலு மடிப்பாக மடித்துச் சட்டைப் பையிலும் கைப்பையிலும் பத்திரப்படுத்தினார்கள். ராஜமாணிக்கம் கையால் எழுதிய லிஸ்ட் அதற்குள் மேசையிலிருந்து மறைந்துவிட்டது. அவர் கைகளைக் கூப்பி, "மன்னிச்சிடுங்க, மிஸ் இப்படிச் செய்வாங்கன்னு நானே எதிர்பாக்கல. நடவடிக்கை எடுக்கிறேன்" என்றார். ரோஸ் மில்க் இன்னொரு சுற்று வந்தது.

ரேவதிக்கு அவர்கள் யாரும் பெரிதாகப் படவில்லை. மணிமொழிதான் கிட்டே வந்தாள்.

"எம் பொண்ணுக்கு நாப்பது போட்டது நீதானேம்மா?"

"ஆமாங்க."

"அவளுக்குக் கணக்கு வரும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எப்படிம்மா கை வந்துச்சு உனக்கு?"

மணிமொழி மகளின் காதோரத்து வேப்பிலையை எடுத்துப் போட்டாள், கையைப் பிடித்தாள், வெளியே நடந்தாள்.

ரேவதி அன்றோடு நின்றுவிட்டாள். மார்க்கைத் திருத்தியதற்காக ஒரு ஆசிரியையை நீக்கிவிட்டதாகப் பள்ளி எல்லா வீட்டுக்கும் தாள் அனுப்பியது. அடுத்த ஜூனில் கம்ப்யூட்டர்கள் ஆறு பன்னிரண்டாயின. ஸ்பெஷல் கோச்சிங்குக்கு இடமில்லை என்று பேச்சு. ரேவதி டவுனில் நாலு பள்ளிகளுக்குப் போனாள். பெயரைச் சொன்னதும் நாலு இடத்திலும் ஒரே சிரிப்பு, ஒரே "சொல்லி அனுப்புறோம்." சரசு மட்டும் ஒருநாள் தெருவில் பார்த்து, கம்பளத்தில் புழு வைத்தே விட்டது, அதன் மேல் இன்னொரு கம்பளத்தைப் போட்டு மூடிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூட்டம் நடந்து ஆறு மாதம் கழித்துத்தான் ரேவதிக்கு மணிமொழியின் கடைக்குப் போகத் தைரியம் வந்தது. மணிமொழி உட்காரச் சொல்லவில்லை, பூ கட்டுவதையும் நிறுத்தவில்லை. ரேவதி நின்றுகொண்டே, தான் செய்தது அசிங்கம் என்று சொன்னாள். மணிமொழி ஒரு முழம் கட்டி முடித்தாள்.

"அன்னிக்கு நான் அவள அடிச்சேன்," என்றாள் கடைசியில். "நீ பொய் போட்ட, நான் அத நம்பி அடிச்சேன். உன்ன மட்டும் திட்டி என்னா ஆவப்போவுது?"

அவ்வளவுதான். அதை மன்னிப்பு என்று ரேவதி எடுத்துக்கொள்ளவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாறியிருந்த ஓவியா கடைக்குப் பின்னாலிருந்து வந்து, "மிஸ், அங்க இன்னும் யானை இருக்குதா?" என்று கேட்டாள்.

ரேவதிக்கு அப்போது செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை கிடைத்திருந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு டிக்கெட் பதிவு செய்வது, கடிதம் அச்செடுத்துக் கொடுப்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் இருக்காது. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு அந்த நேரத்தில் யானை ஆட ஓவியாவை வரச் சொன்னாள். முதல் நாள் மணிமொழியும் கூடவே வந்து, பின்னால் நாற்காலி போட்டு, மகள் அமுக்குகிற ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். யானை சேற்றில் விழுந்து முழித்தபோது அவளையும் மீறி ஒரு சிரிப்பு வந்தது. சட்டென்று அடக்கிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு மூன்று பிள்ளைகள். 2009இல் எட்டுப் பேர். மார்க் கிடையாது, அச்சு கிடையாது. யானையை எத்தனை முறை வேண்டுமானாலும் விழவைக்கலாம். விழவைப்பதற்கு முன்னால் சரியான விடையை வாயால் சொல்ல வேண்டும், அதுதான் ஒரே நிபந்தனை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜமாணிக்கம் வந்தார். வெள்ளைச் சட்டை, அதே வெண்ணெய்க் குரல். வாசலோரத்து பிளாஸ்டிக் நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டார்.

"நல்லா இருக்கீங்களா மிஸ்? வேணு ஸார் சுகமா? நம்ம ஸ்கூல்ல கணக்குக்கு ஆளே சரியா அமைய மாட்டேங்குது. பழசெல்லாம் எதுக்கு. திங்கக்கிழம வந்துடுங்களேன்."

இரண்டு வருஷமாக ரேவதி அவரிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் எத்தனையோ விதமாகக் கட்டி வைத்திருந்தாள். நீளமான, காரமான வார்த்தைகள். ஒன்றும் வரவில்லை.

"ஸார், உங்களப் பாத்தா எனக்கு வாந்தி வருது," என்றாள்.

அவர் சிரித்தார். கோபமே வரவில்லை. வெற்றிலை பாக்கை மறுத்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்து, "சரிங்க, யோசிச்சு சொல்லுங்க" என்று எழுந்தார். போகிற போக்கில் மேசை மேலிருந்த ஒரு குண்டூசியை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். அவருக்கு ஒன்றுமே உறைக்கவில்லை என்பதைப் பார்த்தபோதுதான் ரேவதிக்கு உண்மையிலேயே குமட்டியது.

அவர் உட்கார்ந்த நாற்காலியை வெளியே தூக்கிப்போய், வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துப் போட்டாள். பிள்ளைகள் வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏன் மிஸ் கழுவுறீங்க?" என்றாள் ஓவியா.

"அழுக்கு."

ஓவியா குனிந்து நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையே மிஸ்."

"காயட்டும், விடு," என்று ரேவதி அவர்களை உள்ளே அனுப்பினாள். ஒரு நாற்காலி குறைந்துபோனதால் ஓவியாவும் இன்னொரு பெண்ணும் ஒன்றிலேயே நெருக்கி உட்கார்ந்தார்கள். ரேவதி குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர்கள் பின்னால் நின்றாள்.